கோதண்டம் காலிபர் கழற்றிய ஞாயிறு

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த கோதண்டம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே அறிவித்தார்.

"நாளைக்கு நானே வண்டியைக் கழட்டி பிரேக்கு கிளீன் பண்ணப் போறேன்!"

அவர் மனைவி நிர்மலா அப்போதுதான் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தாள். இவர் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்துவது போல் கையைக் காட்டினார். "ஒண்ணும் பேசாத. முடிவு பண்ணிட்டேன்."

நிர்மலா வாயை மூடிக்கொண்டாள். திறந்த வாயை அத்தனை சுலபத்தில் மூடுகிற பெண்பிள்ளை இல்லை அவள். மனுஷன் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். எங்கே ஆனார்!

கோதண்டத்துக்குத் திருத்தணி கரண்ட் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. பேர்தான் கரண்ட் ஆபீஸ். வீட்டில் ஃபியூஸ் போனால் எதிர்வீட்டு ஞானம்மாள் வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போவாள். இவர் கீழே நின்று டார்ச் அடிப்பார். அதையும் அவள் கண்ணிலேயே அடித்து வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் டிஸ்க் பிரேக்கில் கை வைக்கிறேன் என்கிறார் என்றால், உள்ளே வேறு சங்கதி இருக்கிறது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சங்கதி இதுதான். புரட்டாசி முடிந்துவிட்டது. மாசம் முழுக்க வாயைக் கட்டி, கோழிக்கடைத் தெருப் பக்கமே தலைவைக்காமல் சுற்றுவழியில் ஆபீஸ் போய்வந்தவர் கோதண்டம். ஐப்பசி பிறந்து வருகிற முதல் ஞாயிறு, கே.ஜி.கண்டிகையில் அவர் சிநேகிதன் வீராசாமியின் மாந்தோப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு. பம்புசெட்டில் குளியல், மர நிழலில் சீட்டாட்டம், அப்புறம் தலைவாழை இலை. ஆண்பிள்ளைகள் மட்டும். வீட்டுக்குத் தெரியக்கூடாது. சமைக்கப் பெரிய பாத்திரம் இல்லையென்று வீராசாமி மூக்கால் அழுததில், கோதண்டம் தன் வீட்டுப் பரணில் இருந்த குண்டானை வெள்ளிக்கிழமையே கோணிப்பைக்குள் போட்டுக் கடத்திக் கொடுத்தாகிவிட்டது.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஆர்.கே.பேட்டையில் நிர்மலாவின் தம்பி பெருமாள் வீட்டில் குழந்தைக்குக் காது குத்து.

பெருமாள் பவர்லூம் வைத்திருக்கிறவன். கறி மீனை விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. விட்டவன் சும்மா இருக்க மாட்டான், வருகிறவன் போகிறவனை எல்லாம் விடச்சொல்லி உயிரை எடுப்பான். அது போகட்டும். விசேஷத்துக்குப் போனால், "வாங்க பாவா!" என்று அக்கா புருஷனை ஆசையாகக் கட்டிப்பிடிப்பான். பிடியை விடும்போது கோதண்டத்தின் கையில் சாம்பார் வாளி தொங்கும். "நம்ம வூட்டு ஆளு நீங்க, பாவா. நீங்க நின்னு ஊத்தினாதான் பந்திக்கே களை!" போன விசேஷத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் ஊற்றி ஊற்றித் தோள்பட்டை இறங்கிப்போய், மறுநாள் ஆபீஸில் இடது கையால் கையெழுத்துப் போட்டார் பாவம்.

ஒரு பக்கம் நாட்டுக்கோழி. ஒரு பக்கம் சாம்பார் வாளி. நீங்களே சொல்லுங்கள், அந்த மனுஷன் என்னதான் செய்வார்?

பழியைப் போட இடமும் தயாராக இருந்தது. ஆயுத பூஜை அன்று நிர்மலா வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஹெட்லைட்டுக்கு வைத்தாள், டேங்குக்கு வைத்தாள். முன்சக்கரத்தில் பளபளவென்று ஒரு தட்டு இருக்கிறதே, அதை மட்டும் விடுவானேன் என்று டிஸ்க்குக்கும் தாராளமாகப் பூசிவிட்டாள். அன்றையிலிருந்து பிரேக் பிடித்தால் வண்டி கீச்சென்று கத்தும். தெருவில் படுத்திருக்கிற நாயெல்லாம் எழுந்து நிற்கும்.

"எல்லாம் நீ பூசின சந்தனம்தான்!" என்றார் கோதண்டம். "உள்ள போயி காஞ்சி, காலிபர்ல ஒட்டிகினு கீது."

"காலிபர்னா இன்னாங்க?"

"டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்விப் புடிக்கிறது. சொன்னா ஒனக்குப் புரியாது. அது சரியில்லன்னா ஆர்.கே.பேட்டை போறதுக்குள்ள உசுருக்கே உத்தரவாதம் இல்ல. நீயும் கொழந்தையும் பஸ்ல போய்ட்டு வந்துடுங்க. எனக்கு வரணும்னு கொள்ளை ஆசைதான். இன்னா பண்றது?"

"ஐயோ பாவம். மெக்கானிக் கிட்ட வுடலாமே?"

"மெக்கானிக்கா! நான் கிளீன் பண்ணினா ஒரு வருஷத்துக்கு பிரேக்குல ஒரு கம்ப்ளெய்ண்டு வராது. மனசுல எழுதி வச்சிக்கோ!"

"ஆங், எழுதிகினேன்" என்றாள் நிர்மலா.

உண்மையில் இவர் வரும் வழியிலேயே மெக்கானிக் அரசுவிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ரெண்டே போல்ட்டு. கழற்றினால் காலிபர் கையோடு வந்துவிடும். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணி போதும். எண்ணெய் மட்டும் படக்கூடாது. மறுபடி டிஸ்க்கின்மேல் செருகி ரெண்டு போல்ட்டையும் முடுக்கினால் வேலை முடிந்தது. ஆக, நிர்மலா கண்ணெதிரே கழற்றிப் போடுவது, அவள் பஸ் ஏறியதும் மாட்டுவது, தெருவில் யார் கேட்டாலும் "வண்டியை ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்புவது. கோதண்டத்துக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே புல்லரித்தது.

ஞாயிறு காலை. தோப்பில் இலை போடும்போது வயிற்றில் இடம் வேண்டுமே, அதனால் இட்லி வேண்டாம் என்றுவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்தி, பழைய பேப்பரை விரித்து, ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்தார். பக்கத்தில் நிர்மலா முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆறு வயசு மகள் தேவசேனா திண்பண்டம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தாள்.

போல்ட்டு ரெண்டும் கழன்றன. காலிபர் கையோடு வந்தது. கோதண்டம் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! காலிபரை அப்படியே முன்பக்கத்துக் கம்பியில் ஒரு கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்.

"இது இன்னாத்துக்குங்க கயிறு?"

"டியூப்புல தொங்கக் கூடாது. உள்ள ஆயில் ஓடுது. இதெல்லாம் டெக்னிக்கலு."

"எந்த பிரஷ்ஷுல தேய்க்கிறீங்க?"

"பழசுதான்."

"அது என்னுதுங்க. போன வாரம் வாங்கினது."

கோதண்டம் காது கேட்காதவராகத் தேய்த்தார். உள்ளேயிருந்து கறுப்பாக, கட்டிகட்டியாக என்னென்னவோ வந்தது. காய்ந்த சந்தனமும் வந்தது. "பாத்தியா! பாத்தியா!" என்று அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். நிர்மலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எதிரும் புதிருமா ரெண்டு கட்டை தெரியுதே, அது இன்னாங்க?"

"பேடு! அதுங்க ரெண்டுதான் கவ்வுறது. நடுவுல சந்து தெரியுது பார், அதுலதான் டிஸ்க்கு போயி ஒக்காரணும்."

"அப்ப மேல கீற இந்த பிரேக்க இப்ப புடிச்சா இன்னா ஆவும்?" என்று ஹேண்டில்பாருக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"ஐயய்யோ! எடு கைய! குடியே கெட்டுது போ!" கோதண்டம் எழும்பிக் குதித்தார். "நடுவுல டிஸ்க்கு இல்லாதப்ப பிரேக்க புடிச்சா, பேடு ரெண்டும் நெருங்கி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் சந்து ஏது? நாலு தபா புடிச்சா போதும், தலைகீழா நின்னாலும் டிஸ்க்குல மாட்ட முடியாது. வண்டி அத்தோட படுத்துடும்!"

"அப்படீங்களா!" நிர்மலா சூடு பட்டது போல் கையை எடுத்தாள். "எவ்வளவு விஷயம் தெரியிதுங்க உங்களுக்கு. நானும் கழுத்த நீட்டினதுலேர்ந்து பாக்கறேன், உங்க வாயால ஒரு விஷயம் இப்பதான் உருப்படியா கேக்கறேன்."

கோதண்டத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பாராட்டு முதல் பாதியோடு நின்றிருந்தால் இன்னும் குளிர்ந்திருக்கும்.

அவள் உள்ளே போய்த் தயாராகி வந்தாள். காது குத்துக்குப் போகிறவள் பட்டுப்புடவை கட்டாமல் சாதா நூல்புடவை கட்டியிருந்தாள். கோதண்டம் கவனிக்கத்தான் செய்தார். பட்டு கட்டினால் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், இதுவும் நம் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார்.

"சோறும் ரசமும் மூடி வச்சிருக்கேங்க. வேலை முடிச்சிட்டு சாப்புடுங்க. பெருமாளு கேட்டா இன்னா சொல்ல?"

"பாவா கண் கலங்கினாருன்னு சொல்லு."

நிர்மலா ஒரு கையால் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து செருப்பு மாட்டினாள். வார் ஏறவில்லை. "சே, இந்த வாரு!" என்று எம்பி எம்பி மாட்டினாள். ஒருவழியாக ஏறியது. மற்றக் காலுக்கும் அதே பாடு. கோதண்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம், இவள் போனால் நாட்டுக்கோழி வந்துவிடும் என்பது ஒன்றுதான். தெருமுனை வரைக்கும் கையாட்டினார்.

பஸ் போன சத்தம் கேட்டதும் சோற்றையும் ரசத்தையும் கொண்டுபோய் ஞானம்மாளின் மாட்டுக்குக் கொட்டினார். கையைத் தட்டிக்கொண்டு வந்து காலிபரைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தார். டிஸ்க்கின்மேல் செருகினார்.

போகவில்லை.

சாய்த்துச் செருகினார். போகவில்லை. கீழேயிருந்து, மேலேயிருந்து, முருகா என்று கூப்பிட்டு, கூப்பிடாமல், எல்லா விதத்திலும் பார்த்தார். குனிந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். சந்தைக் காணோம்! காலையில் நிர்மலாவுக்கு விரலால் காட்டிய சந்து, இப்போது ஒரு காகிதம்கூட நுழையாமல் ஒட்டிக்கிடந்தது.

'யாரும் பிரேக்கைப் பிடிக்கவில்லையே!' கோதண்டம் தலையைச் சொறிந்தார். சொறிந்த இடமெல்லாம் கறுப்பாயிற்று. யோசித்தார். யோசித்துக் கண்டுபிடித்தார். பேடு சோப்புத் தண்ணியில் ஊறி உப்பிவிட்டது! வடைக்கு நனைத்த பருப்பு உப்பவில்லையா? அதுபோல. அப்படியானால் காயவைத்தால் சுருங்கும்.

வண்டியை வெயிலுக்கு உருட்டினார். வீட்டுக்குள் போய் விசிறியை எடுத்துவந்து, காலிபருக்கு எதிரே குந்தி விசிற ஆரம்பித்தார்.

எதிர்வீட்டு வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த ஞானம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தாங்கவில்லை.

"இன்னா தம்பி, வண்டிக்குப் புழுக்கமா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு ஞானம்மா. பேடு ஊறிட்டுது."

"அப்படியே பக்கத்துல என் வத்தலும் காயுது, ஒரு வீசு வீசு."

உள்ளே போன் அடித்தது. ஓடினார். வீராசாமி. "டேய் கோதண்டம், எங்கடா கீற? கோழி வெந்துகினு கீதுடா. வாசனை ரோட்டு வரிக்கும் போவுது!"

"தோ கெளம்பிட்டேன்டா! ஊறல் காஞ்சா வந்துடுவேன்!"

"ஊறலா? அடப்பாவி, சாராயமெல்லாம் வாணாண்டா. வெறும் கோழி போதும்."

ஓடிவந்து மறுபடி செருகினார். சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். கட்டைவிரலில் பட்டது. போட்ட சத்தத்தில் மாடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

முன் பிரேக் இல்லாமல் போய்விடலாமா என்று ஒரு யோசனை. தொங்குகிற காலிபரை என்ன செய்வது, மடியில் வைத்துக்கொண்டா ஓட்டுவது? பஸ்ஸில் போனால்? கழற்றிப்போட்ட வண்டியை வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறினால், ஞானம்மாள் வாய் சும்மா இருக்குமா? நிர்மலா வந்து இறங்குவதற்குள் பஸ் நம்பர் வரைக்கும் சொல்லிவிடுவாள். இதற்குத்தானே இத்தனை பாடு!

மறுபடி போன். வீராசாமிதான். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கோதண்டம்... நீ வராத."

"ஏண்டா?"

"வராதன்னா வராத. நெலம சரியில்ல." பின்னாலே ஏதோ ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம். வைத்துவிட்டான்.

கோதண்டம் ரிசீவரையே பார்த்தார். போலீஸா? மழையா? குண்டான் ஓட்டையா? ஒன்றும் விளங்கவில்லை. வயிறு மட்டும் விளக்கமாகக் கத்தியது. அடுப்படியில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் திறந்து பார்த்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் பளிச்சென்று சிரித்தன. வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"ஞானம்மா, சாப்புட எதனா கீதா?"

"நீ கொட்டின ரசஞ்சோறு கொஞ்சம் தொட்டியில கீது, தம்பி. மாடு ரசம் புளிப்புன்னு வுட்டுட்டுது."

சாயங்காலம் வரைக்கும் கோதண்டம் வண்டிக்கு எதிரேயே குந்திக்கிடந்தார். விசிறி ஒரு கையில், டூத் பிரஷ் ஒரு கையில். வெயில் இறங்கிய நேரத்துக்குத் தெருமுனையில் மகளோடு நிர்மலா தெரிந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். தலையில் கோணிப்பை.

"இன்னாங்க, வேலை முடிஞ்சிதா?"

"முடிஞ்ச மாதிரிதான்... காது குத்து எப்டி?"

நிர்மலா பையை இறக்கி, உள்ளேயிருந்து குண்டானை எடுத்துக் கோதண்டத்தின் முன்னால் வைத்தாள். அடியில் மசாலா ஒட்டிக்கிடந்தது. நாட்டுக்கோழி வாசனை ஆளைத் தூக்கியது.

"நம்ம வூட்டு குண்டான் கே.ஜி.கண்டிகை தோப்புக்கு எப்டிங்க நடந்து போச்சி?"

கோதண்டம் வாயைத் திறந்தார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நைனா!" என்றாள் தேவசேனா. "நான் ரெண்டு லெக் பீஸ் துன்னேன்! வீராசாமி மாமாதான் எல்லாருக்கும் பரிமாறினாரு. தமயந்தி அத்த அவர ஒக்காரவே வுடல!"

"தமயந்தியா!" வீராசாமியின் பெண்டாட்டி அவள்.

"ஆங்" என்றாள் நிர்மலா. "ஞாயித்துக்கெழமை தோப்புல மோட்டாரு ரிப்பேருன்னு சொல்லி வச்சவரு பையில பட்டை, லவங்கம், கசகசா இருந்துதாம். மோட்டாருக்கு எதுக்குங்க கசகசா? வெள்ளிக்கெழமையே எனக்கு போன் பண்ணிட்டா. நாங்க ரெண்டு பேரும் பேசிகினுதான் போனோம். புரட்டாசி எங்களுக்குந்தாங்க வந்துது! நாங்களும் ஒரு மாசம் வாயைக் கட்டிகினுதானே கெடந்தோம்? வீட்ல ஆக்கிப் போடணும்னு தோணுச்சா? ஒரு வார்த்தை, வா நிம்மின்னு கூப்புடணும்னு தோணுச்சா?"

கேள்வி சுரீரென்று தைத்தது. கோதண்டம் தலை குனிந்தார். குனிந்ததில் வாசனை இன்னும் கிட்டத்தில் வந்தது. "எனக்கு... கொஞ்சம்..."

"அடியில கீதே. தேய்ச்சி வச்சிடுங்க. பிரஷ்ஷு கையிலயே கீது."

அப்போதுதான் அவர் கண் நிர்மலாவின் காலுக்குப் போனது. பிறகு ஹேண்டில்பாருக்குப் போனது. மறுபடி செருப்பு வாருக்கு வந்தது. எம்பி எம்பி மாட்டினாளே, ஒரு காலுக்கு மாட்டி, மறு காலுக்கும் மாட்டி...

"அடிப்பாவி! நீயா பிரேக்க புடிச்ச?"

"நாலு தபா போதும்னீங்க. நான் ஒரு பத்து தபா புடிச்சி வச்சேன், உங்க பாடம் வீணாவக் கூடாதில்ல." நிர்மலா உள்ளே போய் தோசைத்திருப்பியோடு வந்தாள். அதன் தட்டையான நுனியைப் பேடு ரெண்டுக்கும் நடுவில் சொருகி மெதுவாக நெம்பினாள். பேடு சாதுவாக விலகி வழிவிட்டது. காலிபரை டிஸ்க்கின்மேல் வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. "மெக்கானிக் அரசு அண்ணனும் தோப்புலதாங்க சாப்புட்டாரு. கேட்டுகினு வந்தேன். போல்ட்டு நீங்களே முடுக்குங்க, அது டெக்னிக்கலு. முடுக்கினதும் லீவர நாலு தபா புடிச்சி வுடணுமாம், அப்பதான் பிரேக்கு புடிக்குமாம்."

கோதண்டம் முடுக்கினார். லீவரையும் பிடித்துப் பிடித்து விட்டார். கடைசியில் ஒரே ஒரு ஆறுதல் அவர் மனசில் எட்டிப்பார்த்தது. கோழி போனால் போகிறது. காது குத்து முடிந்துவிட்டதே! சாம்பார் வாளியிலிருந்து தப்பியாகிவிட்டதே!

"ஆமா, நீ தோப்புக்குப் போய்ட்டியே. அப்ப பெருமாளு வூட்டு காது குத்துக்கு நம்ம சார்பா யாரு போனா?" என்றார், குரலில் லேசாகக் கோபத்தைக்கூட வரவழைத்துக்கொண்டு.

"காது குத்தா? கொழந்தைக்கு ஜொரம்னு பெருமாளு நேத்தே போன் பண்ணிட்டானே. அதச் சொல்லத்தான் நேத்து வாய தொறந்தேன், நீங்க ஒண்ணும் பேசாதன்னு கைய காட்டிட்டீங்க." நிர்மலா தோசைத்திருப்பியைப் புடவையில் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு தள்ளி வச்சிருக்காங்க. அன்னிக்கி வண்டியிலயே வரோம், பாவாதான் எல்லா பந்திக்கும் சாம்பார் ஊத்துவாருன்னு சொல்லிட்டேன். பிரேக்குலதான் ஒரு வருஷத்துக்கு ஒரு கம்ப்ளெய்ண்டும் வராதே!"